நாலாவது பொட்டலம்

தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒரு கால்வாயின் கரையில் அந்த மடம் இருந்தது. அங்கே வடிவம்மை அம்மாளுக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருந்த சிலரில் மூத்தவர் பலவேசம். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அம்மாளையும்விட மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்று அழைத்தார். சீடர் குருவை அம்மா என்று அழைத்தார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலவேசம் வந்தார். இடுப்பில் நான்கு வயதுப் பேத்தி இசக்கி. பின்னால் மருமகள் செண்பகம்.

"வாங்க அண்ணாச்சி. பிரதோஷத்துக்குத்தானே வருவீங்க?"

"ஒரு காரியமா வந்தேம்மா."

செண்பகம் அம்மாளைக் கும்பிட்டாள். வாசலுக்கு நேர் எதிரே புன்னை மரத்தடியில் மடத்துச் சமையல்காரி குருவம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செண்பகம் போய் அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. எங்கே போனாலும் அவள் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

பலவேசம் மடத்துக்குள்ளிருந்த சிவன் சன்னதி முன் உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் சாய்ந்து அவருடைய காது மடலைப் பிடித்துக்கொண்டது. தூக்கம் வந்தாலும், இடம் புதிது என்றாலும் அதற்கு அந்தக் காது வேண்டும். அதன் அப்பன் கொம்பையாவும் சின்ன வயதில் அதே காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கொம்பையா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பைக்கில் வேலைக்குப் போனவன்மீது லாரி மோதிவிட்டது. பலவேசத்துக்கும் அவர் மனைவி ஆவுடைக்கும் அவன் ஒரே மகன்.

"பூக்கட்டிப் பார்க்கணும்மா," என்றார்.

குடும்பத்தில் பெரிய முடிவு எடுக்குமுன் அந்தப் பக்கத்தில் செய்வதுதான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்து, ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. வந்ததற்கு உத்தரவு என்று பெயர்.

"என்ன கேக்கணும்?"

பலவேசம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செண்பகத்துக்கு ஒரு இடம் வந்திருக்கு. அவ அண்ணன் கொண்டுவந்தது. மாப்பிள்ளை திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். முதல் சம்சாரம் தவறிட்டா. பிள்ளை கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"ஆள் எப்படி?"

"நேர்ல போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல."

"தேடினீங்களா?"

"தேடினேன்."

"பிள்ளையைப் பத்தி என்ன சொல்றார்?"

"கூட்டிட்டு வரட்டும், எம்பிள்ளையா வளக்கேன்னு சொல்றார்."

"நல்லதுதானே?"

பலவேசம் பிள்ளையின் தலையைத் தடவினார்.

"பிள்ளை வேண்டாம்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேம்மா."

அம்மாள் பிள்ளையைப் பார்த்தார்.

"திருப்பூர் தூரம்மா. முதல் வருஷம் கோயில் கொடைக்கு வருவாங்க. அடுத்த வருஷம் லீவு இல்லம்பாங்க. இவளுக்கு இந்தக் காது மறந்துபோயிரும். மறந்தாத்தான் அங்க நல்லா இருப்பா. அதுவும் எனக்குத் தெரியுது. எங்க வீட்டுல கொம்பையான்னு ஒருத்தன் இருந்ததுக்கு அடையாளமா வேற என்ன இருக்கு? சுவத்துல ஒரு போட்டோ. அதுக்கு இவளை மாதிரி அவன் கோவம் வருமா?"

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது. காதை விடவில்லை.

"சரி. என்ன முடிவு பண்ணினீங்க?"

"நான் என்னம்மா முடிவு பண்றது? எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டுட்டேன். அவன் உத்தரவு எதுவோ அதுதான்."

"எப்போ விட்டீங்க?"

"முதல்ல ஊர் அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பார்த்தேன்."

"என்ன வந்தது?"

"வெள்ளை. ஆனா எடுத்த பய தும்மிக்கிட்டே எடுத்தான். சகுனம் சரியில்ல."

"அப்புறம்?"

"குலசாமி சாஸ்தாகிட்ட போனேன். அங்கேயும் வெள்ளை. பொட்டலத்தைச் சரியாக் கட்டலம்மா. பூ வெளியே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"மலைக்கோயில் முருகன்கிட்ட சிவப்பு வந்தது."

"அதுல குறை ஒண்ணும் இல்லையா?"

"கட்டு நல்லா இருந்தது."

"அப்போ முடிஞ்சுதே. இங்க எதுக்கு வந்தீங்க?"

பலவேசம் தரையைப் பார்த்தார்.

"வீட்டுல போய்ச் சொன்னேன். ஆவுடை சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். அவளுக்கும் பேத்திதானே? ஒண்ணும் பேசாம அடுக்களைக்குள்ள போயிட்டா. போய்ப் பார்த்தா அழுதுக்கிட்டு நிக்கா. 'அவளுக்கு இருபத்தெட்டு வயசுதான ஆகுது'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுலேர்ந்து எங்கிட்டப் பேச்சே இல்ல. சோறு மட்டும் வைக்கா."

"மதினி பெரிய மனுஷி."

"அதான் அம்மாகிட்ட வந்தேன். இதுதான் கடைசி. இதுக்கு மேல எங்கேயும் கேக்க மாட்டேன். எது வந்தாலும் கட்டுப்படுவேன்."

"அண்ணாச்சி, மூணு இடத்துல விட்டீங்க. மூணு இடத்துலேர்ந்தும் திரும்பக் கையோட எடுத்துட்டு வந்துட்டீங்க. வண்டி ஓட்டுறவன் அவன்ங்கிறீங்க. விசிலை மட்டும் உங்க பாக்கெட்டுல வச்சிருக்கீங்க."

பலவேசம் சிரித்தார். சிரிப்பு வாய்க்கு மேலே ஏறவில்லை.

"முப்பது வருஷப் பழக்கம்மா."

"செண்பகத்துக்கிட்ட கேட்டீங்களா?"

"இடம் வந்தது அவளுக்குத் தெரியும். இன்னைக்கு எதுக்கு வந்தோம்னு தெரியாது. பிள்ளைக்கு நேர்த்திக்கடன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"நான் அதைக் கேக்கல."

"அவ என்னம்மா சொல்லப்போறா? 'நீங்க சொல்றதுதான் மாமா'ம்பா."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

வெளியே குருவம்மா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. செண்பகம் சிரித்தாளா என்று தெரியவில்லை.

"போறேன்னு சொல்லிட்டான்னா?" என்றார் பலவேசம்.

அம்மாள் எழுந்து தோட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு மல்லிகைச் சரமும் ஒரு ரோஜாப்பூவும் இருந்தன. வாழையிலையை இரண்டு சமத் துண்டாகக் கிழித்தார்.

"சிவப்புக்கு அரளிதானேம்மா வைப்பாங்க?"

"தோட்டத்துல இதுதான் பூத்திருக்கு."

"இல்ல, முறை..."

"இப்பவே குறையா?"



அம்மாள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று பூக்களை மடித்து, வாழைநாரால் கட்டினார். இரண்டு பொட்டலங்களையும் அவரிடம் நீட்டினார்.

"கட்டைப் பார்த்துக்கிடுங்க."

அவர் உண்மையிலேயே பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. இலை கிழியவில்லை. பூ தெரியவில்லை.

"நல்லா இருக்கும்மா."

அம்மாள் அவற்றைச் சிவலிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"வெள்ளை வந்தா அனுப்புறீங்க. சிவப்பு வந்தா இங்கேயே இருக்கா. சரிதானே?"

"சரி."

"உங்களுக்கு எது வேணும்?"

"எது வந்தாலும் நான்..."

"எது வேணும்னு கேட்டேன்."

பலவேசம் சிவலிங்கத்தைப் பார்க்காமல் சொன்னார். "சிவப்பு."

"அவன்கிட்ட சொல்லுங்க."

அவர் கைகூப்பினார். உதடு அசைந்தது. சொன்னது ஒரே சொல் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"யார் எடுக்கிறது?"

"இசக்கியே எடுக்கட்டும்மா. வேற பிள்ளை எடுத்து எனக்கு மனசு ஒப்பல."

"இறக்கி விடுங்க."

பலவேசம் பேத்தியை மடியிலிருந்து இறக்கி நிறுத்தினார். எழுந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டு சன்னதிப் படிவரை கூட்டிப்போனார்.

"ஏட்டி, அங்க ரெண்டு பொட்டலம் இருக்கு பாரு. ஒண்ணை எடுத்துத் தாத்தாட்ட கொண்டா. ஒண்ணுதான் எடுக்கணும்."

பிள்ளை நகரவில்லை.

"கையை விடுங்க அண்ணாச்சி," என்றார் அம்மாள்.

"அவதாம்மா பிடிச்சிருக்கா. புது இடம்லா?"

அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். பலவேசமும் குனிந்து பார்த்தார். பிள்ளையின் ஐந்து விரலும் விரிந்து கிடந்தன. அவருடைய விரல்கள்தான் மூடியிருந்தன.

அவர் விட்டார்.

இசக்கி படியேறிப் போனாள். இரண்டு பொட்டலங்களுக்கும் முன்னால் குந்தினாள். இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எழுந்தாள்.

"கொண்டா. இங்க கொண்டா," என்று பலவேசம் இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் அவரைத் தாண்டி ஓடினாள்.

"ஏட்டி! எங்க போற?"

"இது எங்கம்மைக்கு!"

பலவேசம் அவள் பின்னால் ஓர் அடி வைத்தார்.

"உட்காருங்க," என்றார் அம்மாள்.

அவர் உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் பூ வாங்கினால் ஆவுடைக்குக் கொஞ்சம், பேத்திக்குக் கொஞ்சம் கிள்ளுவார்கள். இரண்டு வருஷமாகச் செண்பகத்துக்கு யாரும் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. பிள்ளை இதையெல்லாம் கவனித்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

சன்னதியிலிருந்து பார்த்தால் செண்பகத்தின் முதுகும் கொண்டையும் தெரிந்தன. பிள்ளை பொட்டலத்தை அவள் மடியில் போட்டது. அவள் கீரைக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நாரை அவிழ்த்தாள். பிறகு தலை குனிந்தபடியே வெகுநேரம் இருந்தாள். குருவம்மா கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள்.

பலவேசம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இசக்கி தாயின் பின்னால் வந்தாள். மடியிலிருந்ததைப் பிடுங்கிக் கொண்டையில் செருகினாள். சரியாக நிற்கவில்லை. மறுபடியும் அழுத்திச் செருகினாள்.

ரோஜா.

செண்பகத்தின் கை சட்டென்று பின்னால் வந்து பூவைத் தொட்டது. மாமனார் உள்ளே இருப்பது அவளுக்கு நினைவிருந்தது.

"எடுக்காத!" என்று பிள்ளை அந்தக் கையில் ஓர் அடி வைத்தது.

கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பூவை எடுக்காமல் கீழே இறங்கியது. ஒரு முருங்கைக் கொத்தை எடுத்துக்கொண்டது. இலைகள் மறுபடியும் முறத்தில் விழ ஆரம்பித்தன. முன்னைவிட மெதுவாக விழுந்தன.

பலவேசம் நெடுநேரம் அந்தக் கொண்டையையே பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளில் அவள் தலை நிறையப் பூ இருந்தது. கொம்பையா அதைச் சொல்லிக் கேலி செய்ததும் அவருக்கு நினைவு வந்தது. கேலி செய்த வார்த்தைகள் நினைவு வரவில்லை. குரல் வந்தது.

"சிவப்பும்மா," என்றார்.

"ஆமா. பார்த்தேன்."

சிவலிங்கத்தின் முன்னால் இன்னொரு பொட்டலம் கட்டுப் பிரியாமல் இருந்தது. அதை இருவரும் பார்க்கவில்லை.

"அப்படின்னா உத்தரவு..." அவர் முடிக்கவில்லை.

"நீங்க கேட்டதைத்தான் அவன் குடுத்திருக்கான் அண்ணாச்சி," என்றார் அம்மாள். "போய் அவ தலையிலேர்ந்து எடுத்துக்கிடுங்க."

பலவேசம் எழுந்திருக்கவில்லை. தன் காது மடலைத் தானே பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.