ஆலாவுக்கு வந்த வாழைப்பழம்

கடலோரப் பூங்கா ஒன்றின் மணல்மேட்டில் ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. ஆலா வெள்ளை வெளேரென்ற கடற்பறவை; தலை உச்சி மட்டும் கறுப்பு. அது கூடு கட்டாது. நெஞ்சால் மணலை அழுத்தி ஒரு சின்னப் பள்ளம் பண்ணும், அதில் முட்டையிடும், அவ்வளவுதான் வீடு. முட்டையும் புள்ளி போட்ட கூழாங்கல் மாதிரியே கிடக்கும். காலை வைத்த பிறகுதான் முட்டை என்று தெரியும்! அதனால் பூங்காக்காரர்கள் மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

கயிற்றுக்கு வெளியே ஈர மணலில் யார் நடந்தாலும் ஆலாக்கள் கண்டுகொள்வதில்லை. கயிற்றைத் தாண்டினால் தொலைந்தார்கள். கூட்டம் முழுவதும் எழும்பிக் கத்தும், தலையில் கொத்தும், மேலிருந்து எச்சத்தால் அபிஷேகமும் செய்யும்.

அந்தப் பூங்காவுக்கு மலையடிவாரத்திலிருந்து ஒரு குரங்கு வந்து சேர்ந்தது. பாதி வால்தான் இருந்ததால் அதற்கு மொட்டைவால் என்று பெயர். சுற்றுலா வேன் ஒன்றின் கூரையில் இருந்த கூடையில் மாம்பழம் இருக்கும் என்று நம்பி ஏறியது. கூடைக்குள் இருந்தது துணி. அதை உதறிப் பார்த்து முடிப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது!

கடலைப் பார்த்ததும் மொட்டைவால் வாயைப் பிளந்தது. அங்கே மனிதர்கள் பலகைமேல் நின்றபடி அலையில் வழுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இம்புட்டுதானா! ஆடுற கிளையில நிக்கிற எனக்கு இந்தப் பலகையில நிக்கத் தெரியாதா?" என்றது.

கரையில் உடைந்த பலகை ஒன்று கிடந்தது. மொட்டைவால் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, குறுக்கு வழியாகக் கயிற்றைத் தாண்டி மணல்மேட்டில் கால் வைத்தது.

"ஏலே! ஏலே! காலை எடு! சுத்திப் போ!"

கத்தியது கருந்தலைச்சி என்ற ஆலா. அதற்கு இருந்தது ஒரே ஒரு முட்டை.

"ஏன், இது உங்கப்பன் வீட்டு மணலா?" என்றது மொட்டைவால்.

"அப்பன் வீடு இல்லலே, என் பிள்ளை வீடு! சுத்திப் போ!"

அதற்குள் கூட்டமே எழும்பிவிட்டது. நாலு கொத்து விழுந்ததும் மொட்டைவால் பலகையோடு கடலைப் பார்த்து ஓடியது. "சீ! என்ன திமிர் பிடிச்ச பறவைங்க!" என்று திட்டிக்கொண்டே ஓடியது.

பெரிய அலைகளைக் கண்டு அதற்குக் கொஞ்சம் பயம்தான். அதனால் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த ஓர் இடமாகப் பார்த்து இறங்கியது. அப்படிப்பட்ட இடத்தில்தான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும் என்பது மலைக்குரங்குக்கு எப்படித் தெரியும்? பலகை ஒரு பக்கம் போயிற்று. மொட்டைவால் இன்னொரு பக்கம் போயிற்று. கரையைப் பார்த்துக் கையைக் காலை அடித்தது. அடிக்க அடிக்கக் கரை தள்ளித் தள்ளிப் போயிற்று.

"ஐயோ! யாராவது வாங்களேன்!"

அது உச்சி வெயில் நேரம். அந்த வெயிலில் வெறும் மணலில் கிடந்தால் முட்டை வெந்தே போகும். அதற்காக ஆலாக்கள் பறந்து போய் நெஞ்சைக் கடல்நீரில் நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். கருந்தலைச்சியின் துணை மீன் தேடித் தூரமாகப் போயிருந்தது. அதனால் அன்று அது தனியாகவே நெஞ்சை நனைக்க வந்திருந்தது. நனைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது.

கருந்தலைச்சி மேட்டைப் பார்த்தது. கடலைப் பார்த்தது. பிறகு சட்டென்று குரங்கின் தலைக்கு மேலே வந்தது.

"ஏலே! கரையைப் பாத்து நீந்தாத! பக்கவாட்டுல வா!"

"நீயா! கரை அங்க இருக்கு, நீ எங்கயோ கூப்பிடுறியே!"

"சாகப் போற நேரத்துல வழக்காடாத! அந்தா வெள்ளையா நுரை தெரியுதுல்லா, அங்க வா! அந்த அலை உன்னைக் கொண்டு போய்க் கரையில விடும்!"

வேறு வழியில்லாமல் மொட்டைவால் பக்கவாட்டில் நீந்தியது. கை ஓயும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சந்தான்! ஏலே, வா!" என்று கருந்தலைச்சி தலைக்கு மேலேயே பறந்தது. நுரையை எட்டியதுதான் தாமதம், ஓர் அலை குரங்கைச் சுருட்டி எடுத்துக் கரையில் எறிந்தது.

மொட்டைவால் இருமி முடித்து நிமிர்ந்தபோது கருந்தலைச்சி அங்கே இல்லை. "நெஞ்சு காஞ்சு போச்சே! முட்டை வெயில்ல கெடக்கே!" என்று அலறியபடி மறுபடி நெஞ்சை நனைத்துக்கொண்டு மேட்டுக்குப் பறந்திருந்தது. அங்கே அது முட்டையை அலகால் மெல்லப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

'தன் பிள்ளையை வெயிலில் விட்டுவிட்டா என்னைக் காப்பாற்றியது! நான் வைததைக்கூட நினைக்கவில்லையே!' என்று மொட்டைவால் உருகிப் போயிற்று.

மறுநாள் அது பூங்காவுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்குள் நுழைந்து நல்ல பழுத்த வாழைப்பழமாக ஒரு சீப்பு எடுத்து வந்தது. தோட்டக்காரரைக் கேட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் பசி வயிற்றைக் கிள்ளியும் ஒரு பழத்தைக்கூட அது உரிக்கவில்லை. குரங்குக்கு அது லேசான காரியமா?

சவுக்கு மரத்திலிருந்து ஒரு காக்கை இதைப் பார்த்தது. அதன் கூட்டாளிகளும் அங்கேதான் இருந்தன. பல நாளாக ஆலா முட்டைமேல் அவற்றுக்குக் கண்.

"அண்ணாச்சி! சீப்போட கிளம்பிட்டீங்களே, யாருக்கு?"

"என் உயிரைக் காப்பாத்தின ஆலாவுக்கு."

"அடடா! உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு! ஆனா கயித்துக்கு வெளிய வச்சுட்டு வந்துராதீங்க. அது மரியாதை இல்ல. நேரா நடு மேட்டுக்கே போய் வைங்க. அவங்க கத்தினா, சந்தோசத்துல கத்துறாங்கன்னு நினைச்சுக்கோங்க!"

பெரிய மனசு என்ற சொல்லில் மொட்டைவால் மயங்கிவிட்டது. சீப்பைத் தலையில் வைத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி நடு மேட்டுக்குப் போயிற்று.

"ஏலே! ஏலே! ஏலே!" ஆலாக்கள் அத்தனையும் குரங்கை விரட்ட மேலே எழும்பின. மேட்டில் முட்டைகள் காவலில்லாமல் கிடந்தன. காக்கைகள் காத்திருந்தது இதற்குத்தான்! சவுக்குத் தோப்பிலிருந்து கூட்டமாக இறங்கின. ஒன்று நேராகக் கருந்தலைச்சியின் முட்டையருகே போய் அலகை ஓங்கியது.

அப்போதுதான் மொட்டைவாலுக்கு விஷயம் விளங்கியது. "அட பாவி! என்னை வச்சே கதவைத் திறந்துட்டியே!"

தலையில் கொத்து விழுந்துகொண்டே இருந்தது. அது தலையை மறைக்கவில்லை. ஒரு பழத்தைப் பிய்த்தது, குறி பார்த்தது, எறிந்தது. பழுத்த பழம் தோல் வெடித்துக் காக்கையின் முகத்தில் சப்பென்று அப்பிக்கொண்டது! அடுத்த பழம், அதற்கடுத்த பழம் என்று சீப்பு காலியாகும்வரை எறிந்தது. கண்ணில் பழம் அப்பிய காக்கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தோப்பைப் பார்த்துப் பறந்தன.

மொட்டைவால் குனிந்து பார்த்தது. முன்னும் பின்னும் முட்டைகள். காலை எங்கே வைப்பது? ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது.

"அசையாத!" என்றது கருந்தலைச்சி. "வந்த தடத்துலயே காலை வச்சுப் பின்னால போ. மெதுவா."

மொட்டைவால் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து கயிற்றுக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. ஈர மணலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அக்கா, நன்றி சொல்லத்தான் வந்தேன். கெடுக்கப் பாத்துட்டேன்."

"நாங்க என்னைக்குலே வாழைப்பழம் தின்னோம்? நாங்க மீன் தின்னுறவங்க!"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க, எங்க இருந்தாலும் கொண்டாறேன்."

கருந்தலைச்சி அதை ஒரு பார்வை பார்த்தது.

"சுத்திப் போ. முதல் நாளே சொன்னேனேலே!"

மொட்டைவால் எழுந்து, மணல்மேட்டைச் சுற்றி, அலை நனைக்கும் ஓரமாகவே நடந்து போயிற்று. அன்றிலிருந்து அது ஒரு நாளும் கயிற்றைத் தாண்டவில்லை. பூங்காவுக்கு வந்த நாயோ ஆடோ கயிற்றுப் பக்கம் வந்தால், "சுத்திப் போங்க! இங்க பிள்ளைங்க இருக்கு!" என்று தானே கத்தி அனுப்பியது.

ஒரு நாள் காலையில் கருந்தலைச்சியின் முட்டை பொரிந்தது. பஞ்சு உருண்டை போல ஒரு குஞ்சு வெளியே வந்தது. தூரத்தில், ஈர மணலில் ஒரு பாதி வால் தெரிந்ததும் அது கழுத்தை நீட்டியது.

"ஏலே! சுத்திப் போ!"

மொட்டைவால் கயிற்றுக்கு வெளியேதான் நின்றது. ஆனாலும் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போயிற்று. "போறேன் சாமி, போறேன்!" என்றது. அதற்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

நமக்குப் பிடித்ததைக் கொண்டுபோய்க் கொட்டுவது நன்றி ஆகாது. உதவியவர் நம்மிடம் கேட்டது எதுவோ, அதைச் செய்வதே நன்றி.