சிவப்பு விழுந்தால் நிற்பது

"இன்னைக்கும் சிக்னல்ல விழுந்துட்டேன், மாஸ்டர்," என்றார் தனசீலன். முழங்கையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

அவர் மாஸ்டர் என்று அழைத்தது ரெபேக்காவை. வயதில் அவருக்குப் பாதிதான் இருப்பாள். மேம்பாலத்துக்கு அடியில், காலை வேளையில், பின்பக்கமாகவே சைக்கிள் ஓட்டி வட்டமடிப்பாள். அவரோ இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர். குருவிடம் வயதைக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இருவருடையதும் ஃபிக்ஸி சைக்கிள். சக்கரம் முன்னால் உருண்டால் பெடலும் முன்னால் சுற்றும். பின்னால் உருண்டால் பின்னால். வித்தை காட்ட வசதியாகக் காலைப் பெடலோடு வாரால் பிணைத்திருப்பார்கள். சிவப்பு விழுந்ததும் காலை உருவுவதற்குள் தனசீலன் சாய்ந்துவிடுவார்.

"வாரைக் கழட்டிடுங்களேன் சார்."

"நீங்க கழட்டினீங்களா?"

ரெபேக்கா சிரித்துவிட்டாள்.

"ஹேண்டில்பாரை அகலமா மாத்தினேன். டயரைத் தடியா போட்டேன். பிரேக்கும் வெச்சாச்சு. இன்னும் எதை மாத்தணும், சொல்லுங்க."

"அவசரம் என்ன?"

"இன்னொரு தடவை விழுந்தா சைக்கிளை இரும்புக் கடையில போட்டுடுவேன்னு வீட்ல இப்பதான் போன்ல சொன்னாங்க. நாள் முழுக்க மத்தவங்களுக்காகத்தான் ஓடுறேன். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான், மாஸ்டர்."

ரெபேக்கா தன் சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

"காலை ஊனாம நின்னு காட்டுங்க," என்றாள்.

தனசீலன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். மூச்சை அடக்கினார். நட்டுவைத்த கம்பம் போல விறைத்தார். அப்படியே சாய்ந்தார்.

ரெபேக்கா சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது கணக்குல வராது. வீட்ல சொல்லிக்க வேண்டாம்."

பிறகு தன் சைக்கிளில் ஏறி, முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, காலை ஊன்றாமலே நின்றாள். ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். கொட்டாவிகூட விட்டாள்.

தனசீலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படி அசையாம நிக்கறீங்க?"

"டயர்ல விரலை வைங்க."

வைத்தார். விரலுக்கு அடியில் டயர் துளி முன்னால் போனது. துளி பின்னால் வந்தது. மறுபடி முன்னால்.

"அசையுதே!"

"ஆபீசுக்கு லேட்டாச்சு. கிளம்புங்க சார்."

"மாஸ்டர், பதில் சொல்லலையே?"

அவள் அதற்குள் பின்பக்கமாக ஓட்டிப் போய்விட்டாள்.

கோபத்தோடு மிதித்தார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது.

ஒன்பதரைக்கு மீட்டிங். இந்த விளக்கு எப்போதுமே இப்படித்தான், பாழாய்ப்போனது. கால் பரபரத்து முன்னால் மிதித்தது. வெள்ளைக் கோட்டருகே போலீஸ்காரர் முறைத்தார். கால் பின்னுக்கு இழுத்தது. பொறுக்கவில்லை, மறுபடி முன்னால். மறுபடி பின்னால். பிரேக் இருப்பதே மறந்துபோயிற்று. மனதுக்குள் விளக்கைத் திட்டினார், போலீஸைத் திட்டினார், பதில் சொல்லாமல் போன மாஸ்டரைத் திட்டினார்.

திடீரென்று காலைப் பார்த்தார். இரண்டும் வாரில்தான் இருந்தன.

பின்னாலிருந்து ஆட்டோ ஹாரன் அலறியது.

"இன்னா சார், பச்சை வுழுந்து எவ்ளோ நேரமாவுது! இங்கியே நின்னுகினு கீறே?"