கீலுக்கு எண்ணெய் விட்டவள்

மலைச்சரிவில், ஓடை ஒன்று திரும்புகிற இடத்தில் ஒரு வாசிப்பு மடம் இருந்தது. அங்கே பூசை கிடையாது, பாராயணம் கிடையாது. கதைப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் வருவார்கள். சிலர் ஒரு வாரம் இருப்பார்கள், சிலர் வருடக்கணக்கில்.

கற்றுக்கொடுத்தவள் நீலாயதாட்சி. முப்பத்து நான்கு வயது. அவளிடம் கற்றவர்களில் மூத்தவள் சௌந்தரம். ஐம்பத்தெட்டு வயது. அடிவாரத்து ஊரிலிருந்து தினமும் ஏறி வருவாள். சௌந்தரம் குருவை 'அம்மா' என்பாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். இதில் யார் குரு என்று புதிதாக வந்தவர்கள் குழம்பினால், "எங்களுக்கே சில நாள் அந்தக் குழப்பம் உண்டு" என்பாள் நீலாயதாட்சி.

ஒரு புதன்கிழமை காலை சௌந்தரம் இரண்டு நாவல்களோடும் ஒரு நோட்டோடும் ஏறி வந்தாள். முகம் வாடியிருந்தது.

விஷயம் இதுதான். இறந்துபோன தங்கையின் மகள் நிறைமதியைக் கைக்குழந்தையிலிருந்து சௌந்தரம்தான் வளர்த்தாள். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். நிறைமதிக்கு இப்போது பத்தொன்பது. பனிப்பாறைகளைப் பற்றிப் படிக்க, வடக்கே இரண்டு நாள் ரயிலில் போகவேண்டிய ஓர் ஊரில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரியம்மா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்த பெண், தனக்குப் பிடித்த இரண்டு நாவல்களைக் கொண்டுவந்து பெரியம்மாவின் மடியில் வைத்தாள். இதில் எந்தப் பெண் மாதிரி இருக்கச் சொல்கிறீர்களோ அப்படியே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாவலின் பெண் பவளம். உப்பளத்துக் கூலிக்காரர்களின் மகள். பதினேழாம் வயதில், விடியுமுன் உப்பு லாரியில் ஏறிப் போய்விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழி சொல்கிறாள்.

இரண்டாம் நாவலின் பெண் தையல்நாயகி. அப்பா படுத்த படுக்கையாகிவிட, ஓட்டுச் சூளையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஊர் எல்லையை ஒரு நாளும் தாண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில், தீயின் நிறத்தை வைத்தே ஓடு வெந்ததா இல்லையா என்று சொல்கிறாள்.

சௌந்தரம் நோட்டைப் பிரித்தாள். நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பவளம், அந்தப் பக்கம் தையல்நாயகி. துணிச்சல், பொறுமை, பாசம், பிடிவாதம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும் போட்டிருந்தாள்.

நீலாயதாட்சி எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு பார்க்கப் போனீங்களா அக்கா?"

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்குத் தையல்நாயகிதான் உயர்ந்தவளாகத் தெரிகிறாள், கிளம்பிப் போவதைவிட இருந்த இடத்தில் வளர்வதுதான் கடினம் என்றாள். குருவும் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம்.

"ரெண்டு பேர்ல யார் பெரியவ? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவர், முதலில் அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் நிற்கிற ஓர் ஆளைத் தேட வேண்டும். அந்த ஆள் வருகிற வரிகளை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவர வேண்டும். சௌந்தரம் எத்தனையோ புத்தகங்களுக்கு இதைச் செய்தவள்தான். இந்த இரண்டுக்கும் செய்யவில்லை.

"பவளம் கதையில, போகாம இருந்தவ யாராவது இருக்காளா பாருங்க. தையல்நாயகி கதையில, போனவ யாராவது."

அப்படி யாருமில்லை என்றுதான் சௌந்தரம் நினைத்தாள். இருந்தாலும் ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் இரண்டு காகிதத் துண்டுகள் இருந்தன.

பவளத்தின் கதையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மூன்றே வரிகளில் வந்தாள். வாய் நசுங்கிய கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து பவளத்தின் தலையில் வைத்துவிடுகிறாள். மதில்மேல் உட்கார்ந்து அவளோடு லாரிகளை வேடிக்கை பார்க்கிறாள். அது இரண்டு வரி. பிறகு, பவளம் புறப்படுகிற விடியற்காலை. உப்புக்காற்றில் துருவேறி, தொட்டாலே அலறும் கதவு அன்று சத்தம் போடவில்லை. யாரோ கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். மூன்றாவது வரி: படியில் அந்த வாய் நசுங்கிய கிண்ணம் இருந்தது.

சௌந்தரம் அந்தப் பக்கத்தை இதற்கு முன் மூன்று முறை வாசித்திருக்கிறாள். மூன்று முறையும் அவள் கண் லாரியின்மேல் இருந்தது.

தையல்நாயகியின் கதையில், சூளைக்கு மண் சுமந்த பெண் ஒருத்தி ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. ரயில் ஏறிவிட்டாளாம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு பொட்டலம் தபாலில் வருகிறது. எழுத்து எதுவும் இல்லை. எங்கோ ஓர் ஊரின் மண், ஒரு பிடி. தையல்நாயகி அதைச் சுட்டுப் பார்க்கிறாள். கறுத்த மண், வெளுத்த மண், மணல் கலந்த மண். ஒவ்வொன்றும் எந்தத் தீயில் எந்த நிறமாகிறது என்று குறித்துக்கொள்கிறாள். ஊர் எல்லையைத் தாண்டாதவள் தீயைப் படித்தது அப்படித்தான்.

"இதை எழுதின ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லம்மா" என்றாள் சௌந்தரம். "நடுவுல நாப்பது வருஷம். ஆனா போனவ கதையில இருந்தவ நிக்கறா. இருந்தவ கதையில போனவ நிக்கறா. பேர்கூட இல்லாம."

நீலாயதாட்சி இரண்டாவது துண்டை வாங்கி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"பதினோரு தடவை வாசிச்சிருக்கேன். இந்த மண்ணை நான் பார்க்கல அக்கா."

நீலாயதாட்சி துண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு சௌந்தரத்துக்கு வெள்ளிக்கிழமை நினைவு வந்தது.

"அப்ப நிறைமதிகிட்ட நான் எந்தப் பொண்ணைச் சொல்லட்டும்?"

"நிறைமதியைப் பத்தி நாளைக்கு யாராவது ஒரு நாவல் எழுதினா, அதுல நீங்க எத்தனை வரி அக்கா?"

பாதிப் புத்தகம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பால்புட்டி, அம்மை, ரெட்டைச் சடை, பரீட்சைக் காலத்துக் கஞ்சி. பத்தொன்பது வருடம். சௌந்தரம் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"மூணு வரி."

"பேர் இருக்குமா?"

"இருக்காது. பெரியம்மான்னு இருக்கும்."

"மூணாவது வரி என்ன?"

 சௌந்தரம் கோடு போட்ட நோட்டை மூடினாள். வெயில் பாறையிலிருந்து இறங்கி ஓடைக்குள் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டு வாசக்கதவும் அலறும்மா" என்றாள் கடைசியில். "ரொம்ப வருஷமா. அவ வெளிய கால் வெச்சா எனக்குக் கேக்கணும்னு நான்தான் சரிபண்ணாம விட்டு வெச்சிருக்கேன்."

நீலாயதாட்சி எழுந்து, நாவல்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"விளக்கெண்ணெய் அடுப்படி அலமாரியில இருக்கு அக்கா, ஒரு கிண்ணத்துல ஊத்தி எடுத்துட்டுப் போங்க. கிண்ணத்தைத் திருப்பித் தர வேண்டாம்."