தெற்கே தலை வைத்த பூவரசங்குச்சி

"எவனோ என் குச்சியப் பிடுங்குதான். யாருன்னு எனக்குத் தெரியாட்டியும் அவனுக்குத் தெரியும். பிடுங்கினவன் என் முன்னால வந்து நின்னு, நான்தாம்னு வாயத் திறந்து சொல்லணும். அதுவரைக்கும் நான் விடமாட்டேன்."

மலையடிவாரத் தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள் நின்று வீரபாகு இப்படிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்கலை வகுப்புக்கு வந்திருந்த மற்ற பதின்மூன்று பேரும் அவரவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர், ஒரு பல் வைத்தியர், சேர்ந்தே வரும் சம்பந்தியம்மாக்கள் இருவர், இன்னும் சிலர். யாருக்கும் ஒரு பூவரசங்குச்சியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

வீரபாகு மர வியாபாரி. அறுபத்து மூன்று வயது. நிற்கிற மரத்தைத் தட்டிப் பார்த்தே எத்தனை நிலைக்கதவு தேறும் என்று சொல்லிவிடுவார். வகுப்பில் ஆளுக்கு ஒரு தொட்டி என்றதும் பேரம் பேசி மூன்று வாங்கியவர். மூன்றிலும் ஒரே மரத்தின் குச்சிகளை நட்டார். இரண்டு அழுகிப்போயின. மூன்றாவதை வாராவாரம் யாரோ பிடுங்கி மண்மேல் கிடத்திவிட்டுப் போகிறார்கள். அவரும் வாராவாரம் வந்து திரும்ப நடுகிறார்.

சொல்லித்தருகிறவள் அமலி. அவருடைய கடைசி மகளைவிடச் சின்னவள். அவள் குச்சியை எடுத்துப் பார்த்தாள். அடியில் சாய்வெட்டு, நுனியில் நேர்வெட்டு, சொல்லிக்கொடுத்தபடிதான் வெட்டியிருந்தார். நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை.

பூவரசு வேலிக்கு ஊன்றினாலே துளிர்த்துவிடும் மரம் என்றாள். இது இன்னும் வேருக்கு ஒரு வெள்ளைப் புள்ளிகூட வைக்கவில்லை. ஆனால் சாகவும் இல்லை.

சம்பந்தியம்மாக்களில் ஒருத்தி, வியாபாரியோடு பேரம் பேசுகிறது போலிருக்கிறது என்று முணுமுணுத்தாள். மற்றவள் சிரித்தாள். வீரபாகு திரும்பியதும் நிறுத்திக்கொண்டாள்.

அமலி அவரையே நடச் சொன்னாள். உரமூட்டை அடுக்கிய கிட்டங்கியிலிருந்து சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து, சுவரிலிருந்து சுவர்வரை தரையில் அவர் கையாலேயே தூவச் செய்தாள். எல்லாரையும் வெளியே வரச் சொன்னாள். வீரபாகு தம்முடைய பூட்டைப் போட்டு, சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

நண்பகல். வாசலுக்கு எதிரே மகிழ மரத்தடியில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். வீரபாகு சாப்பிடவில்லை. ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார். பதின்மூன்றும் அவர் கண் முன்னாலேயே இருந்தன. சாரல் விழுந்து நின்றது. கண்ணாடி உள்ளிருந்து வெளுத்தது, யாரோ மூச்சு விட்டதுபோல.

பிறகு பூட்டைத் திறந்தார்கள்.

சுண்ணாம்பில் ஓர் எறும்பு போன தடம்கூட இல்லை. பதின்மூன்று தொட்டிகளில் குச்சிகள் நின்றன. பதினாலாவதில் குச்சி மண்மேல் கிடந்தது. அது நின்ற குழி இடியாமல், சுத்தமாக இருந்தது.

அமலி, போன வாரமும் நுனி இந்தப் பக்கம்தான் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அதற்கு முந்தின வாரம் தொட்டியையே திருப்பி வைத்துப் பார்த்ததாகவும், அப்போதும் இந்தப் பக்கமே கிடந்ததாகவும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

நுனி தெற்கே இருந்தது. தெற்கே தலை வைத்து யாரைக் கிடத்துவார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தபால்காரர் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தெற்க யாரு இருக்கா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் அமலி.

"பணகுடியில அக்கா இருக்கா."

பிறகு அவராகவே சொன்னார். பூர்வீக வீட்டுப் பின்கட்டில் அக்கா பகவதி தண்ணீர் ஊற்றி வளர்த்த பூவரசு அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வெட்டி வண்டியேற்றினார். அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. போன மாதம் அவள் மகன் ஆள் அனுப்பினான், அம்மாவுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது என்று. இவர் நேரே போனது பழைய வீட்டுக்கு. அடிக்கட்டை துளிர்த்திருந்தது. அதில் மூன்று குச்சி ஒடித்துக்கொண்டு இங்கே வந்தார். வேர் பிடித்த கன்றைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டால் மரத்துக்கு மரம் சரியாகிவிடும்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டே என்றாள் அமலி. முதல் நாளே மரத்தைத் தொட்டு, குடியிருக்கிறதெல்லாம் இறங்கிப் போகட்டும் என்று சொல்லிவிட்டுத்தானே கோடரி வைப்பார்கள்.

வீரபாகுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது வருஷத் தொழிலில் அதை ஒரு மரத்துக்கும் தாம் தவறவிட்டதில்லை என்றார். அந்தப் பூவரசிடமும் சொன்னார். இரண்டு காக்கைக் கூடு இருந்தது, அதற்கும் சொன்னார்.

"காக்காக்குச் சொன்னேன்" என்றவர் நிறுத்தினார். "அவகிட்ட சொல்லல."

அமலி குச்சியை எடுத்தாள். ஈரச் சாக்குத் துண்டில் சுற்றினாள். அவர் தொட்டியைக் காட்டி, இன்னொரு தடவை அவள் கையால் நட்டுத் தரச் சொன்னார். வேர் விட்டதும் போய்விடுவாராம். பதினைந்து நாள் போதுமாம். பிறகு பத்து நாள் என்றார். பிறகு ஒரு வாரம்.

அவள் சாக்குச் சுருளை அவர் கையில் வைத்தாள்.

"வேரில்லாத குச்சியக் கொண்டுபோய் அவகிட்ட என்னன்னு சொல்ல, டீச்சர்?"

"காலையில நீங்களே சொன்னீங்கல்லா, அண்ணாச்சி. பிடுங்கினவர் போய் முன்னால நின்னு, நான்தாம்னு வாயத் திறந்து சொல்லட்டும். ரெண்டரைக்குப் பணகுடி பஸ் இருக்கு."