புங்கமரத்துக்குத் தெற்கே

இந்தக் கதையில் வயிறு குலுங்க ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக. ஆனால் இப்போதே கேட்டால் தரமாட்டேன். முதலில் சூசை பயந்து முடிக்கட்டும்.

சூசை, ஊருக்கு ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் ராயப்பனின் சீடன். நாற்பது வயது. கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் காவலும் அவன்தான். முன்வரிசையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கல்லுக்குக் கீழே பத்திரமாக. பின்னால் காலரா வருஷத்து ஜனங்கள், ஒரே குழியில். கடைசியில், ஆற்றோரமாக, ஊர்க்காரர்கள். வெறும் மண்மேடு, மேலே பேர் எழுதிய மரச்சிலுவை.

ஐப்பசி வெள்ளம் அந்த மேடுகளைக் கரைத்துவிட்டது. சிலுவைகள் மிதந்துபோய் மதில் மூலையில் விறகுபோல் குவிந்து கிடந்தன. விடிந்தால் கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவத்தியோடு வரும்.

“ஐயா, எந்தச் சிலுவை எங்க இருந்துச்சுன்னு தெரியலையே.” கடப்பாரையும் கையுமாக நின்றான் சூசை.

“நட்டுட்டுப் போ,” என்றார் உபதேசியார்.

“எப்படி ஐயா? ஒருத்தன் அம்மாவை இன்னொருத்தனுக்கு மாத்திக் கொடுக்கவா? தெரிஞ்சா கொன்னுடுவாங்க. தெரியலைன்னா அதைவிட மோசம். நான் எப்படித் தூங்குவேன்?”

உபதேசியார் ஒரு சிலுவையை எடுத்துச் சேற்றைத் துடைத்தார்.

“எங்கம்மா இடம் மட்டும் உறுதியாத் தெரியும்,” என்றான் சூசை. “முகம்கூட ஞாபகமில்ல. இடம் ஞாபகமிருக்கு. புங்கமரத்துக்குத் தெற்கே, வேரை ஒட்டி. சின்னப்பயலா இருந்தப்ப நீங்கதானே கையைப் பிடிச்சுக் காட்டினீங்க? அங்கேருந்து அளந்துக்கிட்டே வந்தா…”

“அளக்கலாம். போன வெள்ளத்துல எனக்கு இந்த யோசனை வரலை.”

“போன வெள்ளமா?”

“நீ அப்பக் கைக்குழந்தை. அப்பவும் எல்லாம் மிதந்துபோச்சு. நான்தான் நட்டேன். கைக்கு வந்தது வந்தபடி.”

சூசை வாயைப் பொத்திக்கொண்டான்.

உபதேசியாருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் குரலும் அவர் தொண்டையில் வரும். இடுப்பில் கையை வைத்தார், ரைஸ்மில்காரரின் விதவையாகிவிட்டார்.

“பாத்தீரா, ஒம்ம தம்பி நெலத்தை வளைச்சுட்டான். படுத்தது போதும், எந்திரிச்சு வந்து கேளும்!”

“அங்க இருந்தது அவரில்லையா?”

“யாருக்குத் தெரியும்?” கனைத்தார். இப்போது சந்தியாகு வாத்தியார். “அடியே, நீ போனப்புறம் இட்லி கல்லு மாதிரி இருக்கு. பல்லில்லாதவருக்கு எப்படி இருந்தா என்னங்கறா ஒம் மருமவ.”

“தப்பான குழியிலயா புலம்பினாரு!”

கடப்பாரை கீழே விழுந்தது. சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் பயமும் சேர்ந்து சிரிப்பாக வந்தது. “ஐயோ, முடியல ஐயா… இன்னும் யாராச்சும் உண்டா?”

உபதேசியாரின் குரல் மெலிந்தது. ஒரு சின்னப் பையனின் குரல்.

“அம்மா, கணக்குல பாஸாயிட்டேன். சித்தி அடிக்கிறதில்ல. நெசமா அடிக்கிறதில்ல.”

சூசையின் சிரிப்பு நின்றது. புங்கமரத்தையே பார்த்தான்.

“அப்ப… அங்க இருக்கறது யாரு ஐயா?”

“தெரியாது, சூசை. யாரா இருந்தாலும், முப்பது வருஷமா நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”