பழைய படிகளின் வழக்கு

மேலப்பூவனூர் தாலுகா அலுவலக வாசலில் செங்குத்தான கருங்கல் படிகள் இருந்தன. நடக்க முடியாதவர்கள் உதவித்தொகை கேட்டு வந்தால் கீழே வெயிலில் கிடக்க வேண்டும். மேலிருந்து யாராவது மனமிரங்கி வந்தால் உண்டு. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிய செங்கமலம் ஒரு நாள் பொறுமையிழந்தாள். படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொன்றாக ஏறினாள். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். சக்கர வண்டிகள் ஏறும் சாய்தளம் கட்டித் தருவதாக உறுதி கிடைக்கும்வரை ஒருவரும் இறங்கவில்லை.

அந்த நாளை ஊரின் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஆண்டுதோறும் மேளதாளத்தோடு கொண்டாடுகிறது. இவ்வருட விழாவுக்கு முன்பு அலுவலகத்தைப் புதுப்பித்தார்கள். எல்லோருமே சாய்தளத்தில் போய்வருவதால், பழைய படிகளை இடிக்கலாமா என்று பொறியாளர் சங்கத்தையே கேட்டார்.

இடிக்கத்தான் வேண்டும், முதல் கடப்பாரை தன் கையில்தான் என்றாள் செங்கமலம். முழங்கைத் தோல் உரிந்ததையும் கீழே நின்றவர்கள் சிரித்ததையும் அவள் மறக்கவில்லை. "பட்ட அவமானத்துக்கு யாராவது நினைவுச்சின்னம் வைப்பாங்களா?"

சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் மைமூன், ஒரு கல்லையும் தொடக்கூடாது என்றாள். "படி போயிட்டா, யாரோ பாவம் பார்த்துச் சாய்தளம் கட்டிக் கொடுத்தாங்கன்னு பேச்சு வந்துடும். அது நீங்க போராடி வாங்குனது, அக்கா."

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது.

பார்வையற்ற தவில்காரர் சூசைமாணிக்கம், ஆகக் கீழே உள்ள ஒரு படியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடிக்கச் சொன்னார். அதில் முதலில் தடுக்கி விழப்போவது நீங்கள்தான் என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கேட்டவர்களே, நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் யார் சொன்னது சரி என்பீர்கள்?

விடை: சூசைமாணிக்கம் சொன்னதுதான். மேலே எங்கும் கொண்டுபோகாத ஒற்றைப் படியால் இனி யாரையும் கீழே நிறுத்திவைக்க முடியாது. செங்கமலத்தின் கோபம் அங்கே தீர்ந்தது. வெறும் தரையில் தனியாக நிற்கும் படியைப் பார்ப்பவர் இது எதற்கென்று கேட்காமல் போகமாட்டார். மைமூனுக்கு அது போதும். விழாவன்று தவில் முழங்க, கடப்பாரையின் முதல் அடியைச் செங்கமலமே போட்டாள். சூசைமாணிக்கத்துக்கு மணத்திலேயே தெரியட்டும் என்று மிஞ்சிய படியின் ஓரமாக மரிக்கொழுந்து நட்டார்கள். எல்லாம் முடிந்தபின் செங்கமலம் தன் வண்டியை அங்கே நிறுத்தி, தேநீர் டம்ளரைப் படியின்மேல் வைத்தாள்.

"இத்தனை வருசத்துல இப்பத்தான் இது நமக்கு ஒரு உதவி செய்யுது" என்றாள்.