ரோட்டுக்குக் கொடுத்த சத்தியம்

சென்னியப்பனுடைய சின்ன எஸ்யூவி காரின் நாலு டயரும் அவர் தலையைப் போலவே வழுவழுவென்று ஆகி வெகு நாளாகிறது. தலையை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். டயரை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவர் மனைவி வசந்தாமணிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

விடிந்தால் மகளையும் மூன்று மாதப் பேத்தியையும் கொல்லிமலையில் மருமகன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு. மலையில் மழை வேறு. பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்த மொட்டை டயரை நம்பி ஏறுவதா என்பது அவள் கவலை. மனுஷன் கஞ்சனும் இல்லை. "என்ற வண்டி டயரு தேயவே தேயாது" என்று சங்ககிரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர், இப்போது புது டயர் வாங்கினால் ஊர் சிரிக்காதா? அவர் கவலை அது. "சும்மா வீல் அலைன்மென்ட் மட்டும் பாத்துட்டு வந்தரலாமுங்க" என்று நைச்சியமாகப் பேசித்தான் பைபாஸில் இருக்கும் ரஹமத்துல்லா பாய் கடைவரைக்கும் கூட்டி வந்திருந்தாள். புது டயர் இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று மனசுக்குள் முடிவு.

பாய் குனிந்து முன் டயரைத் தடவினார். உள்பக்கம் வரியெல்லாம் அழிந்து கம்பி எட்டிப் பார்த்தது.

"ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குதுங்களே" என்றார்.

பக்கத்து பெஞ்சில் லாரி டிரைவர் நாச்சிமுத்துவும் இன்னும் ரெண்டு பேரும் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் சென்னியப்பனுடைய மீசை துடித்தது. போச்சுடா என்று நினைத்தாள் வசந்தாமணி.

"தானாத் தேஞ்சதில்லீங்க பாய், அது நானாத் தேச்சது. கொல்லிமலையில நான் ஏறுன வேகத்துல வண்டி ஒருக்களிச்சு, ஒரு பக்கச் சக்கரத்துலயே உச்சிக்குப் போயிருச்சு. எறங்கறப்ப அடுத்த பக்கத்துல எறங்கிச் சரி பண்ணிக்கலாம்னு இருந்தன். ஒரு போன் வந்துச்சு, மறந்துட்டன்."

"போனு ஆருங்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"ரோடு போடற இஞ்சினியரு. 'அய்யா, நீங்க போற பக்கமெல்லாம் ரோடு தேஞ்சு குழியாயிருது, கொஞ்சம் பாத்துப் போங்க'ன்னு கெஞ்சறாரு. ஊருல எல்லாத்துக்கும் டயரு தேயும். என்ற வண்டிக்கு ரோடுதானப்பா தேயும்."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கடைசியா எப்பங்க காத்துப் புடிச்சீங்க?" என்றார்.

"காத்தா? ஷோரூம்ல அடைச்ச அதே காத்துதானுங்க இன்னும் ஓடுது."

"பஞ்சர் கூடவா ஆகல?"

"ஏன் ஆகல? போன சித்திரையில மேட்டூர் ரோட்டுல விரல் நீளத்துக்கு இத்தாச்சோட்டு ஆணி ஏறிருச்சு. காத்து வெளிய வந்துச்சு. வந்து நின்னு பாத்துச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது. மறுபடி உள்ளயே போயிருச்சு. போறப்ப ஆணிய இழுத்துச் சாத்திக்கிச்சு."

பெஞ்சில் ஒருவனுக்கு டீ புரையேறியது. பாய் பேச்சை விட்டுவிட்டு வண்டியை உள்ளே ஏற்றினார். பிரேக்கை மிதித்ததும் கடையே கூசுகிற அளவுக்குக் கிறீச்சென்றது.

"பிரேக் பேடும் போச்சுங்க. தேஞ்ச சத்தம் இது."

"சத்தமா? ராகமுங்க அது! போன தையில எடப்பாடி மண்டபத்து வாசல்ல நாய் குறுக்க வந்துச்சுன்னு பிரேக்கப் போட்டன். உள்ள இருந்தவங்க நாயனம்னு நெனச்சு, கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்தி, மாப்பிள்ளை தாலியவே கட்டிட்டாரு. பொண்ணு இன்னும் மண்டபத்துக்கு வந்தே சேரலீங்க!"

"அப்பறம் ஆருக்குங்ணா கட்டுனாரு?"

"அதத்தான் ரெண்டு ஊட்டுலயும் இன்னும் பேசிக்கிட்டு இருக்கறாங்க."

"கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்ணா" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றார். "எங்க ஊட்டுல பொய் பேசி வழக்கமில்ல. இந்த வண்டியப் பத்தி நானோ என்ற சம்சாரமோ சொல்றதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும், இந்த மீசைய இங்கயே எடுத்தர்றன்!"

"பக்கத்துலயே சலூனும் இருக்குதுங்ணா."

அதுவரை மானம் போகிறதே என்று தலையைக் குனிந்திருந்தவள், மீசைப் பேச்சு வந்ததும் நிமிர்ந்தாள். இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியவளுக்கு இது கூடவா வராது?

"அவரு சொன்னதெல்லாம் நெசந்தானுங்க" என்றாள்.

சென்னியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் சாட்சி சொன்னதே கிடையாது.

"அடக்கத்துல முக்கியமானத விட்டுட்டாருங்க. போன அமாவாசை மத்தியானம் இவரு தூங்கறாரு. வாசல்ல ஆரோ கூப்பிடற சத்தம். போயிப் பாத்தா, ரோடு."

"ரோடா?"

"கொல்லிமலை ரோடு. அடிவாரத்துல இருந்து செம்மேடு வரைக்கும் தன்னச் சுருட்டி எடுத்துக்கிட்டு, மைல்கல்லெல்லாம் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து நிக்குது. பாவம், தேஞ்சு தேஞ்சு கந்தலாக் கெடக்குது. 'அம்மணி, உங்க ஊட்டுக்காரரு ஏறி ஏறி என்ற வளைவுல பாதி நிமுந்து போச்சு. அந்த மொட்டை டயரு முதுகுல வழுக்கறப்ப ஒடம்பெல்லாம் கூசுது. நாலும் புது டயராப் போடச் சொல்லுங்க'ன்னு ஒரே அழுகை. அது அழுத தாரு எங்க வாசல்ல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குது."

"அண்ணன் என்ன சொன்னாருங்க்கா?" நாச்சிமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"அவருக்குத்தான் எளகுன மனசாச்சே. தூக்கத்துலயே கைய நீட்டி, அதோட நடுவுல இருக்கற வெள்ளைக்கோட்டு மேல அடிச்சுச் சத்தியம் பண்ணினாரு. அடுத்து மலையேறறதுக்குள்ள நாலும் புது டயருன்னு. அப்பறந்தான் ரோடு கண்ணத் தொடைச்சுக்கிட்டு போச்சு. மலையேறறது நாளைக்குங்க." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, சத்தியம் பண்ணுனீங்களா, இல்லீங்களா?"

எல்லோருடைய கண்ணும் மீசை மேல். சலூன்காரர் கூட வெளியே தலையை நீட்டினார். வசந்தாமணி புருஷன் முகத்தையே பார்த்தாள். கோபத்தில் பொய் என்று சொல்லிவிட்டால் போகப்போவது மீசைதான், ஆனால் பேத்தி நாளைக்கு அந்த மொட்டை டயரில்தான் போக வேண்டும்.

சென்னியப்பன் மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"பண்ணினன்" என்றார். "அழுவுதேன்னு மனசு கேக்கல. பாய், நாலையும் மாத்துங்க. எனக்காவ இல்ல, ரோட்டுக்காவ."

டயர் மாறி, அலைன்மென்ட் முடிந்து, வண்டி வெளியே வந்தது. வசந்தாமணி கைப்பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

"ஊட்டுல இருந்தே கொண்டாந்தீங்களாக்கா?" என்றான் நாச்சிமுத்து.

"ரோடு குடுத்துட்டுப் போச்சு தம்பி."

பழம் நசுங்கி, வண்டி பைபாஸில் நேராக ஓடியது. திருப்பத்தில் பிரேக் கிறீச்சிட்டது. சென்னியப்பன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, குரலையும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்புள்ள, ரோடு வந்தப்ப என்னை எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்பினனுங்களே. எந்திரிச்சு உக்காந்து, பிரேக் பேடும் சேத்து மாத்தீர்றன்னு சொல்லிப்போட்டுத்தானே மறுபடி படுத்தீங்க."

சென்னியப்பன் இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியைப் பாய் கடைக்கே திருப்பினார்.